வரிசையில் நின்றவர்

லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் வாடகை அறைகளில் அவளைப் பையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. தோளில் எப்போதும் நீலத் துணிப்பை ஒன்று தொங்கும். அதற்குள் ஆணுறைப் பாக்கெட்டுகள், களிம்பு, பரிசோதனைத் தேதி குறித்த அட்டைகள், எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய மரக்கட்டை ஒன்று. உறையை எப்படிப் போடுவது என்று அந்தக் கட்டையில்தான் செய்து காட்டுவாள். பெண்கள் அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். "வாத்தியார் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று ஒருத்தி ஆரம்பித்தால், "அவரே நின்னுக்கிட்டுத்தான் இருக்கார், நாம உக்காருவோம்" என்று இன்னொருத்தி முடிப்பாள்.

பதினாறு வருடமாக அவளும் அவர்களைப் போல அதே தொழில்தான். ஏழு வருடமாக அந்தப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்து வேலையும் பார்த்தாள். காலையில் அறை அறையாக ஏறி இறங்கிப் பாக்கெட் கொடுப்பாள், யாருக்கு எப்போது ரத்தம் எடுக்க வேண்டும் என்று நினைவூட்டுவாள். மதியத்துக்கு மேல் தன் பிழைப்பு. வருகிறவர்களிடம் அவள் பேச்சு கறார். "அது போட்டா சுகமே இல்ல" என்று இழுத்த ஒருவரிடம், "காய்ச்சல்ல படுத்தா மட்டும் சுகமா இருக்குமா சார்" என்று கேட்டுக் கதவைத் திறந்துவிட்டவள். அதிகம் தருகிறேன் என்று கெஞ்சியவர்கள், குடித்துவிட்டு மிரட்டியவர்கள், நடுவில் கழற்றப் பார்த்தவர்கள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. யாருக்கும் விலக்கில்லை.

ஒரே ஒருவரைத் தவிர.

அவர் வைண்டிங் கடைக்காரர். எரிந்துபோன மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் தாமிரக் கம்பி சுற்றிக் கொடுப்பவர். நான்கு வருடத்துக்கு முன் அவள் அறை விசிறியைக் கழற்றிக்கொண்டு போனவர், மாட்டித் தர வந்த அன்று மாட்டிவிட்டு உட்கார்ந்து பேசினார். அடுத்த வாரமும் வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று ஆகிப்போனது. மற்றவர்கள் அவளுக்கு சாரோ தம்பியோ. இவரை மட்டும் "ஏங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் தோள்பையைக் கதவுக்கு வெளியே இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வருவாள்.

முதல் வருடம் அவர் எதுவும் சொல்லாமல் உறை போட்டுக்கொண்டார். அதுவே அவளுக்குப் பிடித்துப்போனது. ஒருநாள் அவள்தான் பாக்கெட்டைத் தள்ளி வைத்து, "உங்ககிட்ட எதுக்குங்க" என்றாள். அவர் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தை அவள் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது தனக்காக இல்லை. சங்கத்தில் புதுசு என்று ஒரு பெண் உண்டு. தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. போன வாரப் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. கிருமி இருப்பதாக வந்திருந்தது. மாத்திரை வாங்கும் பிரிவுக்கு முதல்முறையாகப் போக வேண்டும். தனியே விட்டால் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பி ஓடிவிடுவாள் என்று பையக்காவுக்குத் தெரியும். பேருந்தில் ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்து, தான் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவை அறைக்கும் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கும் நடுவில் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, பத்தொன்பது என்று எண் மட்டும். உள்ளே நீளமான நடைவழி, சுவரோரம் பெஞ்சுகள், கடைசியில் கம்பி போட்ட ஜன்னல். வரிசையில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் முன்னால் நிற்பவரின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பையக்காவும் ஒரு முதுகைப் பார்த்தாள். சட்டைக் காலரில் கம்பிச் சுருளுக்குப் பூசும் வார்னிஷ் கறை. அதைத் துவைத்து எடுக்க அவளே இரண்டுமுறை முயன்று தோற்றிருந்தாள்.

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். பயந்தவர் போலவோ திருடன் போலவோ அவர் விழிக்கவில்லை. முதலில் புருவம் சுருங்கியது, பிறகு முகம் முழுவதும் தளர்ந்தது. சுமையை இறக்கி வைத்தவரைப் போல, கிட்டத்தட்டச் சிரித்தார். வரிசையை விட்டு இரண்டடி வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"நீயுமா?"

"இல்ல. இவ கூட வந்தேன்."

அவர் புதுசைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இறங்க இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது. பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டார்.

"யாருக்கா அது?" என்றாள் புதுசு.

"ஃபேன் ரிப்பேர் பண்றவர்" என்றாள் பையக்கா.

அடுத்த ஒரு மணி நேரம் அவள் வந்த வேலையைச் செய்தாள். புதுசின் அட்டையைக் காட்டினாள், எடை பார்க்கும் கருவியில் ஏற்றினாள், நர்ஸ் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாள். "தினமும் ஒண்ணு. ஒரே நேரத்துக்கு. உடம்பு தேறிடுச்சேன்னு நிறுத்தக் கூடாது. விடாம சாப்ட்டா கிருமி ரத்தத்துல கணக்குலயே வராத அளவுக்கு அடங்கிடும். அப்புறம் இன்னொருத்தருக்குப் போகாது. விட்டா மறுபடி தலைதூக்கும். புரியுதா?" புதுசு தலையாட்டினாள். சொல்வது தன் வாய்தானா என்று பையக்காவுக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் யாருடையதோ போல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

புதுசை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் மட்டும் திரும்ப உள்ளே போனாள். வரிசை கரைந்திருந்தது. அவர் இல்லை.

"சிஸ்டர், ஆபத்தான உறவு நடந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள வந்தா தொத்தாம இருக்க மாத்திரை உண்டுல்ல?"

நர்ஸ் நிமிரவில்லை. "நீங்கதானேம்மா ஊருக்கே அதைச் சொல்லிக் குடுக்குறீங்க. யாருக்கு?"

"எனக்கு."

நர்ஸ் பேனாவை மூடினார். அவரும் இவளைப் பல வருடமாகப் பார்க்கிறவர். "உறை கிழிஞ்சுதா?"

"போடல."

"கஸ்டமரா?"

"இல்ல. வீட்டு ஆள் மாதிரி."

நர்ஸ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்தார். "எப்போ?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

நர்ஸ் விரல்விட்டு எண்ணினார். இரண்டு நாள்கூட முடியவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார். கால்மணி நேரத்தில் பட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது. இன்றைக்கு இல்லை என்று அர்த்தம். போன சில வாரங்களில் தொற்றியிருந்தால் அது இன்னும் பட்டையில் தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். இருபத்தெட்டு நாள் மாத்திரை, ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, மூன்று மாதத்தில் இன்னொன்று.

"சிஸ்டர், இங்க காலைல வரிசையில ஒருத்தர்..."

"அதை நீங்களும் கேக்காதீங்க, நானும் சொல்ல மாட்டேன்" என்றார் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. "உங்க கூட வந்த பொண்ணைப் பத்தி வேற யாராவது வந்து கேட்டா என்ன சொல்வேனோ, அதேதான்."

அது நியாயம் என்று அவளுக்குப் பட்டது. ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வர மாட்டார் என்று நினைத்தாள். வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். பை அன்று உள்ளே, மேசைமேல் இருந்தது. மாத்திரை வயிற்றைப் புரட்டி அவள் இரண்டுமுறை வாந்தி எடுத்திருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, "உக்காருங்க" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"அப்போ என்னைப் பாக்குறதுக்கு முன்னாடியே."

"ஆமா. ஆனா மாத்திரை ஒழுங்காத்தான் சாப்ட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லியிருந்தார். அதனாலதான் நீ வேணாம்னப்போ..."

"அப்புறம் ஏன் நிறுத்துனீங்க?"

அவர் தன் நகங்களைப் பார்த்தார். "கடையில புதுசா ஒருத்தரைக் கூட்டு சேர்த்தேன்ல. டப்பாவை எங்க வெச்சாலும் அவர் கண்ணுல பட்டுச்சு. ரெண்டு நாள் விட்டேன். ஒண்ணும் ஆகல. ஒரு வாரம் விட்டேன். உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு. அப்படியே பத்து மாசம் ஓடிப்போச்சு. போன மாசம் காய்ச்சல் விடவே இல்ல, அதான் திரும்பப் போனேன்."

"அந்தப் பத்து மாசமும் இங்க வந்தீங்க."

"சொல்லணும்னு நூறு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு."

"வாய் வரைக்கும் வந்தது வெளிய வரலையே."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே யாரோ லாரியைப் பின்னால் எடுக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னார். "ஒண்ணு மறைக்காம சொல்லிடுறேன். நீ பண்ற தொழிலுக்கு உனக்கும் ஏற்கெனவே இருக்கும்னு நெனச்சேன். அன்னிக்கு வரிசையில பாத்தப்போ, அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் எத்தனை அட்டை, எத்தனை விரல்குத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றுகூடத் தவறியதில்லை. இந்த நான்கு வருடமாக ஒவ்வொரு முறையும் இல்லை என்று வந்ததும் அதை இவரிடம்தான் வந்து சொல்வாள். "நல்லது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.

"ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட சொன்னேனே, இல்லன்னு."

"சும்மா சொல்றேன்னு நெனச்சேன்."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கத்தலாம் என்று பார்த்தாள், எதைக் கத்துவது என்று தெரியவில்லை. "மாத்திரையை விட்டுடாதீங்க. கூட்டாளி கண்ணுல பட்டா வைட்டமின்னு சொல்லுங்க" என்றாள். ஏழு வருடப் பழக்கம், தானாக வாயில் வந்தது. "இப்போ கெளம்புங்க."

சங்கத்தில் புதன்கிழமை மதியக் கூட்டம். பதினான்கு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாத்தியாரை வெளியே எடுக்கவில்லை.

"கஸ்டமர்கிட்ட உறை போடுறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது.

"வீட்டுக்காரர், கூட இருக்குற ஆள், மனசுக்குப் பிடிச்சவர். அவங்ககிட்ட?"

ஒரே ஒரு கை. "எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார்க்கா, எனக்கு அந்தத் தொல்லையே இல்ல" என்று அவளே சொல்லிவிட்டுக் கையை இறக்கினாள். சிரித்தார்கள். அதற்குப் பிறகு பையக்கா தன் கதையைச் சொன்னாள். அவர் யார் என்று சொல்லவில்லை, அவர் கேட்ட "நீயுமா"வைச் சொல்லவில்லை. மூன்று வருடம் போடாமல் இருந்தேன், இப்போது மாத்திரை விழுங்குகிறேன், வாந்தி வருகிறது, முடிவு இன்னும் தெரியாது. கடைக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

சிரிப்பு நின்றுபோனது. மூத்தவள் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "அவர்கிட்டயும் போடுன்னு சொன்னா, நீயும் எல்லாரையும் போலத்தான்னு சொல்ற மாதிரி ஆயிடும்டி. எந்த வாயால சொல்றது?"

"எனக்கும் தெரியலக்கா. நான் சொல்லல, இப்போ இங்க உக்காந்திருக்கேன். ஒருதடவை ரெண்டு பேரும் சேர்ந்து போய் டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க. நீ மட்டும் இல்ல, ரெண்டு பேரும்."

அந்த மாதம் ஐந்து பெண்கள் தங்கள் ஆட்களிடம் கேட்டார்கள். இரண்டு ஆட்கள் ரத்தம் கொடுக்க உடன் வந்தார்கள். ஒருத்தி அடி வாங்கினாள். மூன்று நாள் சங்கத்து அறையிலேயே படுத்திருந்தாள், பையக்காதான் அவளுக்கு ரொட்டியும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மற்ற இரண்டு பேரின் ஆட்கள் வரவே இல்லை. கேட்டதோடு சரி.

இருபத்தெட்டு நாளும் முடிந்தது. ஆறாவது வாரம் ஒரு கோடு. மூன்றாம் மாதமும் ஒரு கோடுதான். "தப்பிச்சீங்க" என்றார் நர்ஸ், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. தன் கையை யாரோ பிடித்திருப்பது தெரிந்தது, அவ்வளவுதான். முன்கூட்டியே தினமும் போட்டுக்கொள்ளும் தடுப்பு மாத்திரை வந்திருப்பதாக நர்ஸ் சொன்னார். உறையோடு அதுவும் இருந்தால் பலம் கூடும், ஆறாவது வாரம் வந்தபோதே கேட்டிருந்தால் அப்போதே தந்திருப்பேன் என்றார். அவள் தனக்கு ஒரு டப்பா வாங்கினாள். சங்கத்தில் சொல்வதற்காக விவரத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

நடைவழியில் அவர் உட்கார்ந்திருந்தார். மாதம் தவறாமல் வருகிறார் என்று புதுசு சொல்லியிருந்தாள். புதுசு இப்போதெல்லாம் தனியாகவே வந்து வாங்கிக்கொண்டு போகிறாள். அவர் எழுந்து, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். ரத்தப் பரிசோதனை முடிவு. கிருமி நன்றாக இறங்கியிருந்தது.

"நல்லது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு இல்லன்னு வந்திருக்கு. இந்தத் தடவையாவது நம்புங்க."

"நம்புறேன்" என்றார். காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இன்னும் கோவமா இருக்கியா?"

அவள் உண்மையாகவே தேடிப் பார்த்தாள். மரத்துப்போன காலை அழுத்திப் பார்ப்பதுபோல.

"தெரியலங்க" என்றாள். "இன்னும் வரல. வந்தா சொல்றேன்."

அடுத்த பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் நடந்தாள்.