அந்தோணியாரின் முந்திரி

மூன்றாவது முறை எண்ணியபோதும் தொண்ணூற்றொன்பதுதான் வந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம், மாசி மாதத்து உச்சி வெயில். ஒக்கூருக்கு மேற்கே செம்மண் பொட்டலில் முழங்கால் உயர முந்திரிக் கன்றுகள் கானலில் நெளிந்துகொண்டிருந்தன. ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் வரிசை மாறிப் போய் ஒளிந்துகொள்கிறது என்றுகூடத் தோன்றியது. வேளாண்மை அலுவலகத்தில் பதினோரு வருஷம் கன்று எண்ணியவனுக்கு இப்படியெல்லாம் தோன்றக் கூடாது.

முதல் வரிசையின் முதல் குழி காலியாகக் கிடந்தது. நிலத்துக்காரர் சின்னராஜைக் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. அவர்கள் வீட்டில் முதல் கிடாய்க்குட்டி, முதல் மரக்கால் நெல், எதுவானாலும் முதலாவது ஊர் அந்தோணியார் கோயிலுக்குத்தானாம். இரண்டு வருஷத்துக்கு முன் சர்க்கார் மானியத்தில் கொடுத்த நூறு கன்றில் முதலாவதையும் அப்படியே கோயில் கிணற்றடியில் நட்டிருக்கிறார். சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு. நான் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன்.

மானிய விதி அப்படி. பத்துக் கன்றுவரை பட்டுப்போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே ஒரு கன்று கைமாறினால் திட்டமே ரத்து. அடுத்து வரவேண்டிய ஆயில் இன்ஜின் வராது. ஐந்து வருஷத்துக்கு எந்த உதவிக்கும் மனுப்போட முடியாது. இன்ஜின் இல்லாமல் இந்தத் தொண்ணூற்றொன்பதும் கோடையைத் தாண்டாது. இதை எழுதிய மகராசன் எந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினானோ. சிவகங்கையில் மேலதிகாரியிடம் முன்பே ஒருமுறை பேசிப் பார்த்திருக்கிறேன். விதியைத் தொட அவருக்கும் பயம், எனக்கும் பயம்.

சின்னராஜின் மனைவி அற்புதம்மாள் ஆழக்கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடத்தில் சுமந்து, கன்று கன்றாக ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் படிவத்தைத் தொடையில் வைத்து எழுதிவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"பட்டுப்போனதுன்னு எழுதிட்டேன். கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

சின்னராஜ் பேனாவை வாங்காமல் கோயில் பக்கம் கையை நீட்டினார்.

"அங்குட்டு ஆள் ஒசரத்துக்குப் பூத்து நிக்கிதே சார். உசுரோட நிக்கிறத எப்பிடிச் செத்துப்போச்சுங்கிறது?"

அற்புதம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"நீக கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தண்ணி செமக்கிறது நான்."

கோபமில்லாமல்தான் கணவனிடம் சொன்னாள். அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"கொஞ்சம் இருங்க சார். அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்" என்று சின்னராஜ் கோயில் பக்கம் நடந்தார். அவுக என்றது அந்தோணியாரை என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. கானலில் அவர் கால்கள் மறைந்து, வேட்டி மட்டும் மிதந்து போனது. வேலியோர நிழலில் கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டபடியே இருந்தது. எதையும் எழுதாமல், எதையும் எண்ணாமல் பொழுது சாயும்வரை இப்படியே கிடக்கலாம்போல ஆசையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

கண் திறந்தபோது எதிரே நின்றார். என்ன சொன்னார், என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடக் குனிந்தார். தலைமுடியிலும் தோள்துண்டிலும் ஒட்டியிருந்த முந்திரிப் பூக்கள், இளஞ்சிவப்பாக, பொடிப்பொடியாகப் படிவத்தில் உதிர்ந்தன. 'பட்டுப்போனது' என்று நான் எழுதிய இடத்தின்மேல் நாலைந்து கிடந்தன. ஊதினால் பறந்துவிடும். அவரும் ஊதவில்லை, நானும் ஊதவில்லை.