செம்மேட்டு ஐஸ் பெட்டி

ஐந்தாவது செவ்வாய்க்கிழமையும் அப்பாஸ் அலி மலைக்குக் கிளம்பியபோது சலீமா டிபன் கேரியரைத் துணிப்பையில் வைத்து வாசற்படியில் நீட்டினாள். புருஷன் முகம் மழித்திருந்தார். பெருநாளுக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தார். ரிப்பேருக்குப் போகிற மனுஷனுக்கு நீலச் சட்டை எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில் கேட்கவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி கடைவீதியில் அப்பாஸ் அலி ஃபிரிஜ் ரிப்பேர் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போவார், சரி செய்வார், திரும்புவார். அதே கோளாறுக்கு இரண்டாவது முறை கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. அப்படிப்பட்டவர் ஐந்து வாரமாக ஒரே கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜூஸ் கடை. நடத்துகிறவள் பெயர் கலைச்செல்வி. வயது முப்பதைத் தாண்டாது. புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டுவான்.

இத்தனையும் சலீமாவுக்குச் சொன்னது அவளுடைய ஓரகத்தி ருக்ஸார்.

"ஏனுங்கக்கா, மச்சானுக்கு மலை பஸ்ஸுல தனியா சீட்டு ஒதுக்கிட்டாங்களாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, இந்த விவரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஃபிரிஜ் சாதாரண ஃபிரிஜ் இல்லை என்பது சலீமாவுக்குத் தெரியும். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பெங்களூருக்குப் போனபோது கலைச்செல்வி வாங்கிப் போட்டது. இரட்டைக் கதவு, வெளிநாட்டுச் சாமான். தண்ணீர்க் குழாயை அதன் முதுகில் மாட்டிவிட்டால் தானே தண்ணீர் பிடித்து, தானே ஐஸ்கட்டி உறைய வைத்து, கீழே இருக்கும் பெட்டியில் தானே கொட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அருவி பார்க்க வருகிற கூட்டத்துக்கு அன்னாசி ஜூஸில் ஐஸ் போட்டுக் கொடுப்பாள். சரியாக அந்த ஞாயிறன்றுதான் அது நின்று கிடக்கும்.

முதல் தடவை அப்பாஸ் அலி தண்ணீர் வால்வில் அடைத்திருந்த மணலை எடுத்தார். இரண்டாவது தடவை, தண்ணீர் இறங்குகிற குழாயில் படிந்திருந்த பாசியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். மூன்றாவது தடவை தண்ணீர்த் தொட்டியை நான்கடி உயர்த்தி வைக்கச் சொன்னார். நான்காவது தடவை வால்வையே மாற்றினார். ஒவ்வொரு செவ்வாயும் கண்ணெதிரே ஐஸ்கட்டி விழும். நான்கு நாள் விழும். அப்புறம் நின்றுவிடும். ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டின் ஓரத்தில் கரண்டியைச் சாய்த்து வைத்து, "இது மாதிரி ஒரு கம்பி இருக்கு சலீமா. பெட்டியில ஐஸ் நெறஞ்சா கம்பி மேல ஏறிரும். மெஷின் தானா நின்னுரும். ஐஸ எடுத்தா கம்பி எறங்கும், மறுபடி ஓடும். அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பார். சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

சலீமாவுக்குக் கம்பி முக்கியமில்லை. அதோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொன்றுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

"நான் போறதுக்கு முன்னாடியே ஃபிரிஜ்ஜ நிறுத்தி, உள்ள வெளிய தொடச்சு, பளிங்காட்டம் வச்சிருக்கும் அந்தப் புள்ள. இத்தன ஊட்டுக்குப் போயிருக்கேன், அப்பிடி ஒரு சுத்தம் எங்கயும் பாத்ததில்ல."

எங்கயும் என்றால் இந்த வீட்டிலும்தானே. மறுநாள் மத்தியானம் சலீமா தன் ஃபிரிஜ்ஜைத் திறந்தாள். முந்தாநாள் குழம்பு, வதங்கிய கொத்தமல்லி, ஓரத்தில் கறுத்த அழுக்கு. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுச் சோப்புத் தண்ணீரில் தேய்த்தாள். பாதியில், தான் யாருக்குப் போட்டியாக இதைத் தேய்க்கிறோம் என்று உறைத்ததும் துணியை வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அப்பாஸ் அலி வந்து அதைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். எதையும் கவனிக்கவில்லை. புருஷன் வருவதற்காக வீட்டைத் துடைப்பாள் ஒரு பொம்பளை, சரி. மெக்கானிக் வருவதற்காக எவள் துடைப்பாள்?

அடுத்த ஞாயிறு அவர் சேலத்துக்குச் சாமான் வாங்கப் போனார். சலீமா மகளை ருக்ஸாரிடம் விட்டுவிட்டு, மிளகு வாங்கி வருவதாகச் சொல்லி மலை பஸ் ஏறினாள். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எழுபது வளைவையும் கண்ணை மூடியே கடந்தாள்.

கடை சின்னதுதான். வாசலில் அன்னாசியும் மலை வாழைத்தாரும் தொங்கின. உள்ளே அந்த வெள்ளை ஃபிரிஜ் ஆள் உயரத்துக்கு நின்றது. கலைச்செல்வி மாநிறமாக, ஒல்லியாக, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மிக்ஸியோடு போராடிக்கொண்டிருந்தாள். அழகிதான். சலீமா அதை முதல் பார்வையிலேயே ஒத்துக்கொண்டாள், ஒத்துக்கொண்டதற்காகத் தன்மீதே கோபப்பட்டாள்.

"அன்னாசி ஜூஸ் ஒண்ணு. ஐஸ் போட்டு."

"ஐஸ் இல்லீங்கக்கா. மெஷின் நேத்து ராத்திரியே நின்னுருச்சு. செவ்வாக்கெழம மெக்கானிக் அண்ணன் வருவாரு."

அண்ணன் என்ற சொல்லைச் சலீமா நம்பவில்லை. அண்ணன் என்று கூப்பிடுவதற்கு வரியா கட்ட வேண்டும்?

"அந்த மெக்கானிக் சம்சாரம்தான் நான்."

கலைச்செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். "அய்யோ, வாங்கக்கா, உக்காருங்க" என்று சொன்னவள், அடுத்த நொடியே திரும்பி, பாதி திறந்திருந்த ஃபிரிஜ் கதவைச் சாத்தி அதன்மேல் முதுகை வைத்து நின்றுகொண்டாள்.

சலீமாவுக்குக் காதுமடல் சுட்டது. மறைக்கிறாள். எதையோ மறைக்கிறாள். அவர் சாமான் ஏதாவது உள்ளே இருக்கிறதா, அவருக்கென்று ஏதாவது செய்து வைத்திருக்கிறாளா?

"தொற" என்றாள்.

"வேண்டாங்கக்கா."

"எதுக்கு வேண்டாங்கற? அவரு வாரம் தவறாம தொறக்கறத நான் ஒருதரம் பாக்கக் கூடாதா?"

ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கலைச்செல்வியின் கண் கலங்கிவிட்டது. மெதுவாக நகர்ந்து, மேல் கதவைத் திறந்தாள்.

ஃப்ரீசர் முழுக்க வாழையிலையிலும் செய்தித்தாளிலும் சுற்றிய பொட்டலங்கள். இடம் போதாமல் ஒன்றை ஐஸ் பெட்டியின் மேலேயே திணித்திருந்தாள்.

"பன்னிக்கறிங்கக்கா" என்றாள் கலைச்செல்வி, சத்தம் வெளியே போகாமல். "சனிக்கெழம சாயங்காலம் என்ற மாமனார் ஊட்டுல அடிப்பாங்க. பங்க இதுலதான் வைப்பேன். அண்ணன் வர்றாருன்னா திங்கக்கெழமயே எல்லாத்தையும் எடுத்துட்டு, கரண்ட நிறுத்தி, மூணு தண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவிருவேன். அவரு கைய வைக்கற எடமாச்சேன்னு."

சலீமா ஓரடி பின்வாங்கினாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். பளிங்கு மாதிரி சுத்தம் என்று அவர் சொன்னாரே, அது இதுதானா? ஐந்து வாரமாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் துடைப்பு, இந்தப் பெண்ணின் கூச்சம்தானா?

"அவருகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இந்த ஃபிரிஜ்ஜத் தொடமாட்டேன்னு போயிருவாருன்னு பயம். மலையில வேற மெக்கானிக் யாருங்க இருக்கா?"

சலீமாவின் கண் ஐஸ் பெட்டியின் மேலிருந்த பொட்டலத்தின் மூலையிலேயே நின்றது. அந்த மூலை ஒரு வளைந்த கம்பியை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள்ளோ நாலைந்து ஐஸ்கட்டிகூட இல்லை. தட்டின் ஓரத்தில் சாய்ந்த கரண்டி அவள் கண்முன் வந்தது.

"பெட்டி மேல எப்ப இத வச்ச?"

"நேத்து ராத்திரிங்க."

"மெஷின் எப்ப நின்னுச்சு?"

கலைச்செல்வி கம்பியைப் பார்த்தாள், சலீமாவைப் பார்த்தாள்.

"அத எடு கண்ணு. நான் தொடமாட்டேன், நீ எடு. பெட்டி நெறஞ்சிருச்சுன்னு மெஷின் நெனச்சுக்கிட்டு நின்னுருக்கு. ஒவ்வொரு சனிக்கெழமையும் நீ நிறுத்துற, செவ்வாக்கெழம அவரு வர்றப்ப காலி பண்ணிக் குடுக்குற. அந்த மனுசன் என்னத்தக் கண்டுபுடிப்பாரு?"

பொட்டலத்தை எடுத்ததும் கம்பி தொங்கிக் கீழே வந்தது. மற்றவற்றையும் கூடையில் போட்டு மாமனார் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள் கலைச்செல்வி. "இனிமே இதுல வைக்காத, என்னாட்டம் ஆளுங்களும் வந்து குடிக்கற கடை" என்று சலீமா சொன்னதற்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். ஃப்ரீசரைக் கழுவித் துடைத்துக் கரண்டைப் போட்டாள். ஐஸ் விழுகிறதா என்று பார்க்காமல் போக சலீமாவுக்கு மனசில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தாள். சும்மா இருக்க முடியாமல் அன்னாசியைத் தோல் சீவிக் கொடுத்தாள். பேச்சு வளர்ந்தது. வடக்கே போன புருஷன் இளங்கோவைப் பற்றி, போன் வராத நாட்களைப் பற்றிக் கலைச்செல்வி சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில், "அண்ணனும் பாவங்க. போன வாரம் கீழ உக்காந்து, 'என் கை மரத்துப் போச்சு போல, இனிமே இந்தத் தொழில் எனக்கு ஆகாதோ'ன்னாரு" என்றாள்.

சலீமாவின் கத்தி நின்றது. இது அவளிடம் சொல்லப்படாத பேச்சு. பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் தன் கையைப் பற்றிச் சந்தேகப்பட்டு அவளிடம் சொன்னதில்லை. சற்றுமுன் இறங்கிப்போன பொறாமை வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. அழகு, சுத்தம், சிரிப்பு இவற்றுக்கெல்லாம் அவள் பயந்திருந்தாள். இதற்குப் பயப்பட அவளுக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

உள்ளே கடகடவென்று ஐஸ் விழுந்தது. கலைச்செல்வி ஓடிப்போய்த் திறந்து பார்த்துவிட்டுச் சலீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சலீமா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் பதிலுக்கு அழுத்தவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், கறிப் பொட்டலம் கம்பியைத் தூக்கி நிறுத்தியதை அவரிடம் சொன்னாள். என்ன கறி என்பதை மட்டும் சொல்லவில்லை.

"கம்பியா?" என்றார் அப்பாஸ் அலி. மறுபடியும், "கம்பிதானா?" என்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னையக் கேக்காம நீ எதுக்கு அங்க போன?"

"நீங்க கேட்டுட்டா போனீங்க?"

அந்தச் செவ்வாய் அவர் மலைக்குப் போகவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், கையைக் கழுவிக்கொண்டே, "கடைக்குப் போன் வந்துச்சு" என்றார். "ஐஸ் நல்லா விழுதாம். ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் தாங்காதாம், அக்கா ரெண்டு நாள் வந்து கூடமாட இருப்பாங்களான்னு கேக்குது. மெக்கானிக்கப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

சலீமா சோறு போட்டாள்.

"அப்பிடி ரெண்டு பேரும் என்னதான் பேசுனீங்க?"

"பொம்பளைங்க பேச்சு."

"எங்கிட்ட சொல்லக்கூடாத பேச்சா?"

அவர் குரலில் இருந்தது என்னவென்று சலீமாவுக்குத் தெரியும். ஐந்து வாரம் அதோடு குடித்தனம் நடத்தியவள் அவள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் அந்த ருசியை அனுபவிக்க முடியவில்லை.

"கை மரத்துப் போச்சுன்னு அவகிட்ட சொன்னீங்களாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உங்கிட்ட சொன்னா நீ பயந்துருவ" என்றார்.

"பயந்தா பயந்துட்டுப் போறேன். பயப்படறதும் எம்பாடுதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். சலீமாவுக்கு அது போதவில்லை. ஆனாலும் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அப்பாஸ் அலி கீழேயே இருந்தார். அன்றைக்கு மட்டும் செம்மேட்டு ஜூஸ் கடைக்கு நான்கு முறை போன் செய்து, ஐஸ் விழுகிறதா என்று கேட்டார்.