பூரண ஆரோக்கியம்

"அந்த ஆபீஸ்ல போய் நீ வாயைத் திறந்தா, இந்த வீட்டு மானம் கப்பலேறிடும். சொல்லிட்டேன்!"

மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மருமகள் குனிய முடியாமல், சுவரைப் பிடித்தபடி காலாலேயே செருப்பைத் துழாவினாள்.

எட்டு வருடம் துணை ராணுவத்தில் லாரி ஓட்டியவள். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டது, கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு. பிறந்த வீட்டார் அதை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் புகுந்த வீட்டார் இன்னும் பத்திரமாக மூடிவைத்தார்கள். ஊனமுள்ளவளை எடுத்தோம் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதே!

வலி முற்றி அவள் ஊன ஓய்வூதியம் கேட்டபோது, 'திருமணத்தின்போது என் மனைவி பூரண ஆரோக்கியத்துடன் இருந்தார்' என்று அம்மா சொல்ல, மகன் எழுதிக் கொடுத்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பிரசவத்தாலும் வீட்டு வேலையாலும் வந்த வலி என்று ஓய்வூதிய ஆபீஸில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இன்று மேல்முறையீட்டு விசாரணை.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். நடுவிலிருந்த டாக்டர் கோப்பிலிருந்து தலை தூக்கிக் கணவனைப் பார்த்தார்.

"அடிபட்டதுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. ஆனா நல்லா இருந்தாங்கன்னு நீங்க எழுதியிருக்கீங்களே. எது நிஜம்?"

கணவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அது வந்து சார்... ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறந்தான்..."

மருமகள் மேசையைப் பிடித்து எழுந்தாள்.

"கல்யாணத்தன்னைக்கே இடுப்புப் பட்டை போட்டு, அதுக்கு மேலதாங்க துணி உடுத்தினேன். ஒரு மாசத்துல இவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒன்பது வருஷமா தினமும் பட்டையை இறுக்கிக் கட்டிவிடறது இவர் கைதான். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

கணவன் தன் கைகளையே பார்த்தான். "ஆமாங்க," என்றான்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது: 'பணியினால் ஏற்பட்ட ஊனம்.' சர்க்கார் ஒத்துக்கொண்டதை வீட்டில் யாரும் வாய்விட்டு வாசிக்கவில்லை.

அந்த வாரமே மாமியாரின் அக்கா குடும்பத்தோடு வந்திறங்கினாள். எழுந்து உள்ளே போ என்று மாமியார் கண்ணால் ஜாடை காட்டினாள். மருமகள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றாள் வந்தவள்.

"ஆமா பெரியம்மா. முதுகுல அடி," என்றாள் அவள், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. "கல்யாணத்துக்கு முன்னாடியே பட்டது."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காபித் தட்டைக் கணவன் எடுத்து வந்தான்.