ஐந்தாம் தீச்சட்டி

மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன முருகையா வீடு திரும்பவில்லை. காட்டுக்காரர்களோடு சேர்ந்துவிட்டான் என்று தோட்டமே சத்தியம் செய்தது. வெள்ளைக்காரன் அறிவித்திருந்த அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு அதுதான் பேர். அவர்களுக்கு ஒரு பிடி சோறு கொடுத்து அகப்பட்டால் தூக்கு வரைக்கும் போகும்.

அவன் மனைவி பஞ்சாலை துணிந்து சோறு கொடுத்தாள். எட்டு மாதமாக, தன் பங்குச் சோற்றில் பாதியைத் தகர டப்பாவில் அடைத்து, ரப்பர்ப் பால் வாளிக்குள் கந்தல் துணியால் மூடி, வேலி வாசல் காவல்காரன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் காட்டோரம் வைத்தாள். மறுநாள் டப்பா காலியாக இருக்கும். புருஷன் சாப்பிட்டான் என்று இவள் வயிறு நிறைந்துவிடும். பைத்தியக்காரி!

ஆனாலும் அவன் முகத்தை ஒருவராவது பார்த்து வந்து சொல்ல வேண்டுமே. காதுத் தோட்டை விற்று, ரஹாங் பகுதியில் இருந்த தனியார் துப்பறிவாளர் துரைசிங்கத்தைப் பிடித்தாள். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துவேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்ந்த யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“உம்மட மனுசனுக்கு ஏதும் நேர்த்தி இருக்குதோ, பிள்ளை?”

“எனக்கு வெசக்காச்சல் வந்தப்ப, நான் பொழைச்சா ஏழு வருசம் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டாருங்கய்யா. நாலு முடிஞ்சிருச்சு.”

ஓடிப்போகிறவன் யாரை ஏமாற்றினாலும் அம்மனை ஏமாற்றப் பயப்படுவான் என்பது அவர் கணக்கு. திருவிழாக் காலம் முழுதும் ஒவ்வொரு தோட்டத்துக் கோயிலாக ஏறி இறங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“கெமாஸ் பக்கத்துத் தோட்டமொண்டில கண்டனான். தீச்சட்டியோட வந்தவர்.”

“காட்டுல இல்லையா? தாயே!” பஞ்சாலை கையெடுத்துக் கும்பிட்டாள். “எப்ப வர்றாராம்யா?”

“வரமாட்டார், பிள்ளை. பக்கத்தில ஒரு பொம்பிளை வேப்பிலையோட நடந்தவ. கழுத்தில புதுத் தாலி.”

பஞ்சாலைக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. தன் உயிருக்காக வேண்டிக்கொண்ட சட்டியை, இன்னொருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுமந்திருக்கிறான்!

“அப்ப என் சோத்தத் தின்னது யாருய்யா?”

அது தூக்குக்கயிற்றுக் கேள்வி. துரைசிங்கம் அதைக் காதில் வாங்காதவர்போல் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை, என்றுமில்லாதபடி காவல்காரன் அவள் வாளியை அடிவரை துழாவிப் பார்த்தான். வெறும் கந்தல் துணிதான் இருந்தது. சோறு முழுவதையும் அவள் வீட்டிலேயே தின்றுவிட்டு வந்திருந்தாள். அப்படியும் பசி அடங்கவில்லை.