தொப்பூர் மேட்டில் முதல் தேங்காய்

நாமக்கல்லில் ஒரு லாரி பூஜைக்கு நின்றால் மரியாதைக்கு ஒரு வரிசை உண்டு. பாடி கட்டியவருக்கு வேட்டி துண்டு. பின்பலகையில் மயில் எழுதிய பெயிண்டருக்கு வெற்றிலை பாக்கு. டிரைவருக்கு மாலை. டயருக்குக்கூட ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கிடைத்துவிடும். இஞ்சினைப் பிரித்து மாட்டியவனுக்கு மட்டும், "அக்கட்டால நில்லுங்க மேஸ்திரி, மேலெல்லாம் கிரீசு" என்கிற உபசாரம் கிடைக்கும். பதினெட்டு வருஷமாக இந்த உபசாரத்தை வாங்கி வாங்கித் தங்கசாமி மேஸ்திரிக்கு வயிறு எரிந்து கிடந்தது.

அவருக்கு வாய்ப்பு வந்தது எண்பத்து நாலாம் வருஷம். கொண்டு வந்தவர் செங்கோட்டையன். ஒரே ஒரு லாரிக்கு முதலாளி, பேச்சு மட்டும் நாற்பது லாரிக்கு இருக்கும். அந்த லாரி சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேட்டில் ஏறும் அழகே தனி. முதல் கியரில் முனகிக்கொண்டு அது ஏறும்போது, மேச்சேரி ஆட்டு மந்தையொன்று அதை முந்திப் போனதாக லாரிப்பேட்டையில் ஒரு கதை உலவியது. செங்கோட்டையன் அதை மறுக்கவில்லை. ஆடுகள் குறுக்கு வழியில் போனதாக மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டர்போ வெச்சுப்போடலாமுங்க" என்றார் தங்கசாமி. "இஞ்சின் வெளிய தள்ற பொகை இருக்குதுல்ல, அந்த வேகத்துலயே ஒரு காத்தாடி சுத்தும். அது காத்தைப் புடிச்சு இஞ்சினுக்குள்ள திணிக்கும். வண்டி மேட்டுல பறக்குமுங்க."

"இதெல்லாம் உங்களுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?"

"ஒரு சப்பான்காரன்" என்றார் தங்கசாமி கூசாமல். அவர் வாழ்நாளில் எந்த ஜப்பான்காரனையும் பார்த்ததில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளின் கம்ப்ரசர் இஞ்சினில் டர்போவைக் கழற்றி மாட்டிப் பழகியதுதான் அவர் படிப்பு. ஆனால் செங்கோட்டையன் நம்பினார். மறுநாள் லாரிப்பேட்டையே நம்பியது. ஒரு வாரத்தில் அந்த ஜப்பான்காரனுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

டர்போ சுலபமாகக் கிடைத்தது, உடைசலுக்குப் போன ஒரு ரிக்கிலிருந்து. வில்லங்கம் மேனிபோல்டில் இருந்தது. ஆறு சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்த்து வெளியே விடும் அந்த வார்ப்பிரும்புக் குழாய், டர்போவின் வாய்க்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கசாமி பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். புதுக் குழாய்க்கு மரத்தில் அச்சு செதுக்கிக் கோயமுத்தூரில் வார்க்கக் கொடுத்தார். முதல் வார்ப்பில் ஓட்டை. இரண்டாவதில் போல்ட் துளை அரை விரற்கடை தள்ளிப்போனது. மூன்றாவது உட்கார்ந்தது. உட்கார்ந்த அன்று அவர் தனியாகப் பட்டறைக்குள் நின்று அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தடவியதில்லை என்று அவர் மனைவி கண்ணாத்தாள் பிற்பாடு குறைப்பட்டாள்.

செங்கோட்டையனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வண்டி மேடு ஏறிப்போட்டா, முனியப்பன் கோயில்ல மொதத் தேங்காயை என்ற கையால ஒடைக்கோணுமுங்க."

செங்கோட்டையன் தலையாட்டினார். இது ஏறிவிட்டால் லாரிப்பேட்டையில் அத்தனை வண்டியும் டர்போவுக்குத் தங்கசாமியைத் தேடி வரும். ஏறாவிட்டால் பஞ்சர் ஒட்டக்கூட ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்து டன் ஜவ்வரிசியோடு லாரி தொப்பூர் மேட்டைத் தொட்டது. டிரைவர் குழந்தைவேலுவின் பக்கத்தில் செங்கோட்டையன், அவர் பக்கத்தில் தங்கசாமி. பாதி மேட்டில் வழக்கமாக முதல் கியருக்கு இறங்கும் புளியமரம் வந்தது. குழந்தைவேலு கியரின் மேல் கையை வைத்தான். எடுத்துவிட்டான். மூன்றாவது கியரிலேயே வண்டி ஏறியது. டர்போ விசிலடித்தது. செங்கோட்டையன் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்தங்கிப் போகும் லாரிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டே வந்தார்.

உச்சியில் முனியப்பன் கோயில். பூசாரி ஆண்டி தட்டோடு தயாராக நின்றார். மணி பத்து இருபத்தைந்து.

"இஞ்சினை ஆப் பண்ணாத. சும்மா ஓடட்டும். அரை மணி நேரம் மேனிபோல்டு கிட்ட ஆரும் போகப்படாது" என்று தங்கசாமி கண்டித்துச் சொன்னார்.

"பத்தரைக்கு ராகுகாலமுங்க" என்றார் ஆண்டி. "அதுக்குள்ளார தேங்காய் ஒடைக்கோணும். இல்லீன்னா பன்னண்டுக்கு மேலதான். நான் அதுக்குள்ள ஊட்டுக்குப் போயிருவேன்."

செங்கோட்டையன் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியில் புதிதாக எது மாட்டினாலும் முதல் தேங்காயை உடைத்து, அந்தத் தண்ணீரை அந்தச் சாமானின் தலையிலேயே ஊற்ற வேண்டும். அப்போதுதான் அது வண்டியோடு ஒட்டுமாம். பானெட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆண்டி தங்கசாமியின் தலையில் துண்டைச் சுற்றினார். நெற்றியில் குங்குமம் வைத்தார். வழியில் போன இரண்டு லாரிகள் நின்று வேடிக்கை பார்த்தன. செங்கோட்டையன் ஊருக்கே கேட்கிற குரலில், "மேஸ்திரி, நீங்க ஒடைங்க சாமி" என்றார்.

பதினெட்டு வருஷப் பசி. வெயிலில் மேனிபோல்டு கறுப்பாகச் சாதுவாகத்தான் தெரிந்தது. இருட்டாக இருந்தால் அது செக்கச் செவேலென்று தெரியும் என்பது அந்த மேட்டில் ஒரே ஓர் ஆளுக்குத் தெரியும். அந்த ஆள்தான் தேங்காயை ஒரே அடியில் உடைத்து, தண்ணீரைச் சிந்தாமல் சிதறாமல் அதன் மேல் ஊற்றினார்.

'படீர்' என்றது. ஆவி எழும்பியது. அது அடங்கியபோது மேனிபோல்டின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன் வழியே புகை புசுபுசுவென்று வந்தது. டர்போவின் விசில் நின்றுபோனது.

ஆண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முனியப்பனுக்கு இது புடிக்கலீங்க."

செங்கோட்டையன் கோயிலைப் பார்த்துக் கைகூப்பினார். "சாமி வேண்டாம்னு சொல்லிப்போட்டது. கழட்டிருங்க மேஸ்திரி. பழசையே மாட்டிருங்க."

வேடிக்கை பார்த்த டிரைவர்களும் தலையாட்டினார்கள். தங்கசாமிக்குத் தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. வாயை மூடிக்கொண்டு நின்றால் பழி முனியப்பன் தலையோடு போய்விடும். ஆனால் மூன்று முறை வார்த்த அந்த இரும்பைப் பார்த்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"சாமி மேல பழி போடாதீங்க மொதலாளி. கொதிக்கற இரும்புல தண்ணி ஊத்துனா வெடிக்குமுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். துண்டு கட்டுன கிறுக்குல ஊத்திப்போட்டனுங்க. தப்பு என்மேலதானுங்க. வேற வார்த்து மாட்டறேன், சத்தியமா மறுக்கா ஏறுமுங்க."

செங்கோட்டையன் அவரைக் கண்கலங்கப் பார்த்தார். "பாருங்க, சாமி குத்தத்தைக்கூடத் தன்ற தலைல போட்டுக்கறாரு. இந்த மனசு ஆருக்கு வரும்?"

ஆண்டி மறுபடி ஒரு முறை குங்குமம் வைத்துவிட்டார். ஜப்பான்காரனை நம்பியவர்களில் ஒரே ஓர் ஆள்கூட இதை நம்பத் தயாரில்லை. தங்கசாமி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அவர் கெஞ்சக் கெஞ்ச அவருடைய நல்ல மனசு வளர்ந்துகொண்டே போனது.

கடைசியில் அவர் முன் சக்கரத்தின் அருகே குந்தினார். குழந்தைவேலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மேஸ்திரி, பதினோரு வருசமா இந்த மேட்டுல ஏர்றனுங்க. முன்னால போற வண்டிக்கு, வழி உடுன்னு நான் ஆரன் அடிச்சது இன்னிக்குத்தானுங்க."

"அதைப் போயி மொதலாளிகிட்டச் சொல்லப்பா!"

"சொன்னனுங்க." குழந்தைவேலு தரையைப் பார்த்தான். "அது முனியப்பன் ஏத்தி உட்டதாமுங்க."

தங்கசாமி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.