அக்கா அணைத்த மீன்

எங்கள் உணவகத்தில் சாப்பாடு கொஞ்சம், ஜோடனை அதிகம். ஒருவர் இடுக்கியால் பூவிதழை எடுத்து வைப்பார். இன்னொருவர் குழம்பைப் புள்ளி புள்ளியாகச் சொட்டுவார். என் வேலை புகை. விரலளவு மீன்துண்டைக் கண்ணாடி மூடியால் மூடி, மரத்தூளைக் கொளுத்தி, சின்னக் குழாய் வழியாகப் புகையை உள்ளே அடைப்பேன். பரிமாறுகிறவர் மேசைமுன் நின்று ஒரு குட்டிப் பிரசங்கம் செய்துவிட்டு மூடியைத் தூக்குவார். இந்தக் கூத்துக்கு மாதக்கணக்கில் முன்பதிவு!

நேற்று என் அக்காவைச் சாப்பிட அழைத்திருந்தேன். அவளுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மூடி திறந்தது, புகை கிளம்பியது. "இது காட்டோட நினைவு..." என்று பரிமாறுகிறவர் ஆரம்பிப்பதற்குள், அக்கா தண்ணீர்க் குடுவையைத் தட்டில் அப்படியே கவிழ்த்துவிட்டாள். மீன் மிதந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!"

நான் அடித்துப்பிடித்து ஓடினேன். "ஐயோ அக்கா, அது சாப்பாடு!"

"சாப்பாட்ட இப்படியாடி தீய விடுவே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் சுற்றிலும் ஒரே கைதட்டல். பக்கத்து மேசைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

"எங்க மீனுக்கு மட்டும் ஏன் தண்ணி ஊத்தல?"

தலைமைச் சமையல்காரர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலைக்குச் சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நாளைக்கும் உங்க அக்காவுக்கு லீவு கிடைக்குமா?"