திரைக்கு வராத சாம்பல் நிறம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அக்கா சொல்வாள். பொய் இல்லை. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டுவிட்டு, நான் பதிலை முடிப்பதற்குள் யாராவது கொட்டாவி விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொட்டாவி விடாமல் முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அக்காவின் கணவர். மாமா ஓர் உலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். என் கண்ணாடியின் கனத்தைப் பார்த்து எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்த புண்ணியவானும் அவர்தான்.

என் வேலை இதுதான். சூடான வாயு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அகச்சிவப்புக் கதிரை வீசும். எந்த வாயு, எவ்வளவு சூட்டில் இருந்தால், தூரத்துக் கேமராவில் எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டு, அதை வருகிற படத்தோடு ஒப்பிடும் மென்பொருளை எழுதுகிறேன். அதில் ஒரு வம்பு உண்டு. குழாயை விட்டு வெளியே வந்த வாயு போகப் போக ஆறும். ஆறி, பின்னாலிருக்கும் சுவரின் சூட்டுக்கே வந்துவிட்டால், வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் நின்ற மாதிரி, கேமராவால் பிரித்துப் பார்க்க முடியாது. வாயு அங்கேயேதான் இருக்கும், படத்தில் மட்டும் இருக்காது. அதனால் நான் மூன்று நிறம் வைத்தேன். வாயு இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை, தெரியவில்லை என்றால் சாம்பல்.

மாமாவின் தொழிற்சாலையே அதை வாங்கியபோது, ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். கட்டுப்பாட்டு அறைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் திரைக்கு ஒரு சலாம் வைப்பாராம். போதும் மாமா, மானம் போகிறது என்று நான்தான் கெஞ்சினேன்.

அங்கே அலாரம் அடித்தால் படத்தின் பிரதி எங்கள் அலுவலகத்துக்கும் வரும். அன்று மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு வந்தது. உலைக் குழாயில் விரிசல். வெளியே வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். குழாய்க்குப் பக்கத்தில் சிவப்பு, அதைத் தாண்டி முற்றம் முழுக்கச் சாம்பல். வெயிலில் காய்ந்த கான்கிரீட் சுவரும் ஆறிய வாயுவும் ஒரே சூட்டில் இருந்தன. என் கணக்கு எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று ஒரு நொடி பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வால்வு முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அதை மூட யாரையாவது அனுப்பிவிடப் போகிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். எடுத்த ஆபரேட்டர் பதறவே இல்லை. மூன்று ஃபிட்டர்கள் கிளம்பிவிட்டார்கள், முற்றத்தில் வாயு இல்லை என்றுதான் காட்டுகிறது என்றார். சாம்பல் நிறம் இருக்கும் இடத்துக்கு யாரையும் விடாதீர்கள் என்றேன்.

"சாம்பலா? அப்படி ஒரு கலரே இங்க இல்லீங்களே. சிவப்பு, பச்சை ரெண்டுதான். முற்றம் பூரா பச்சை."

உடனே மைக்கில் சொல்லித் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். அந்த மூன்று பேரில் மாமா இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அவருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும் சார்'. வாங்குகிறவர்கள் எதைக் கேட்டாலும் ஆகட்டும்தான். கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் நுழைந்து சாம்பல் எங்கே போயிற்று என்று கேட்டேன். முதலில் பூசி மெழுகினார். பிறகு மெல்ல வெளியே வந்தது. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்களாம். தெரியவில்லை என்று சொல்வதற்கு ஒரு மெஷின் எதற்கு என்றார்களாம். அதனால் அவர்களுக்கு அனுப்பியதில் மட்டும் சாம்பலைப் பச்சையோடு சேர்த்துவிடச் சொன்னாராம். எனக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவேன் என்று எங்கள் திரையில் பழையபடியே விட்டுவிட்டாராம்.

"சின்ன மாத்தம்தானேம்மா," என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியாமல் பாதிப் படிக்கட்டில் நின்றபோது, மாமாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அக்காவே போனில் சொன்னாள்.

மாமாவை உள்ளே வைத்திருந்தார்கள். உயிர் இருக்கிறது, நினைவு வரவில்லை. எழுந்தாலும் பழைய ஆளாக எழுவாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்கா கண்ணாடிக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூடப் போன மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மைக்கில் சத்தம் கேட்டுத் திரும்பும்போது, விழுந்து கிடந்த மாமாவை அவர்கள்தான் இழுத்து வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நடையில் நின்று தேம்பிக்கொண்டிருந்தார். அவசரத்தில் கைக்குக் கிடைத்த சுவாசக் கருவி இரண்டுதானாம்.

"எனக்கு இல்லாம நான் போகமாட்டேன்னு நின்னுட்டேன். இவர்தான் மாட்டியிருந்ததைக் கழட்டி எனக்கு மாட்டி விட்டார். இது எங்க வீட்டுப் பொண்ணு போட்ட கணக்கு, அவ பச்சைன்னா பச்சைதான்னு சொல்லிட்டு முன்னால நடந்தார்."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"பச்சைன்னு நீ சொன்னியா?"

இல்லை என்று சொல்ல எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. மூச்சு விடாமல் சொன்னேன். நான் சாம்பல்தான் வைத்தேன், அவர்கள் எனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டார்கள், என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்ள மாட்டாளா என்று ஏக்கமாக இருந்தது.

அக்கா கடைசிவரை கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அவங்க என்ன மாத்தினா என்ன. அவர் அவங்கள நம்பிப் போகலையேடி. உன்னை நம்பித்தானே போனார்."